வானொலி பூசிய கண்ணாடி

முதன்முதலில் பளபளத்தது ஒரு கோழிமுட்டை.

இரண்டு வருடமாக வானொலி மாய்ந்து மாய்ந்து கண்ணாடிச் சில்லு, பிளாஸ்டிக் தகடு, தகரம் என்று கைக்குக் கிடைத்ததிலெல்லாம் தன் வெள்ளிப் பூச்சைப் பூசி, ஜன்னலோரம் காய வைத்துப் பார்த்துவிட்டாள். எல்லாமே பாத்திரம் கழுவின தண்ணீர் நிறத்தில் காய்ந்து, அவளைப் பார்த்து இளித்தன. அந்தத் திங்கட்கிழமை காலையில் ஆம்லெட்டுக்கென்று எடுத்து வைத்த முட்டை, மேசையில் உருண்டு வந்து ஸ்ப்ரே துப்பாக்கிக்கு முன்னால் நின்றது. "நீ மட்டும் என்ன பாவம் பண்ணினே, வா" என்று அதை ஒரு பாட்டில் மூடியின் மேல் நிறுத்தி, சுற்றிலும் ஒரு வீச்சு அடித்தாள். அடித்துவிட்டு, பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் கதையை நாத்தனாரிடம் சொல்லிக்கொண்டே, மூடியைத் திருப்பித் திருப்பி முட்டையை மூக்கருகில் வைத்துப் பார்த்தாள். மெஷின் ஆட்டம் போட்டுக்கொண்டே நடந்து வாசல் வரைக்கும் வந்துவிட்ட கட்டத்தை அவள் நடித்துக் காட்டும்போது, முட்டைக்குள்ளிருந்து பெரிய மூக்கு வைத்த ஒருத்தி அவளை உற்றுப் பார்த்தாள்.

"ஏய், ஓடி வா! முட்டைக்குள்ள நான் இருக்கேன்!"

வானொலி என்பது நாத்தனார் வைத்த பட்டம். இவள் கல்யாணமாகி வந்த முதல் வாரமே வைத்துவிட்டாள். காலையில் கண் திறந்தால் ஆரம்பிக்கும், கண் மூடினால்தான் நிற்கும், நடுவில் விளம்பர இடைவேளைகூடக் கிடையாது என்பது அவள் சொன்ன விளக்கம். நாத்தனார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதற்கும் சட்டென்று பதற மாட்டாள். நிதானமாக வந்து எட்டிப் பார்த்தாள். தன் மூக்கு கத்தரிக்காய் அளவுக்கு வீங்கித் தெரிந்ததும் நிதானம் போன இடம் தெரியவில்லை.

"அண்ணி! வந்துடுச்சா? நிஜமாவே வந்துடுச்சா?"

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்த குதியில் மேசை ஆடி, முட்டை கீழே விழப்போனது. முன்கடையிலிருந்து ஓடிவந்த மௌனசாமி அதைத் தாவிப் பிடித்தார். மௌனசாமி வானொலியின் கணவர். இதுவும் நாத்தனார் வைத்த பட்டம்தான், கூடப் பிறந்த அண்ணனைக்கூட அவள் விட்டு வைக்கவில்லை. வீட்டின் முன்பக்கம் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை, பின்பக்கம் வானொலியின் பாட்டில்களும் மேசையும். பிடித்தவர் முட்டையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி முட்டையைப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. வாயிலிருந்து மட்டும் ஒரு சொல் வரவில்லை.

அவள் செய்துகொண்டிருந்த காரியம் சொல்வதற்குச் சுலபம். கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியான வெள்ளித் துகள்கள். அவை கட்டிதட்டிப் போகாமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு பாலிமர் போர்வை. இரண்டையும் மிதக்க வைக்க ஒரு திரவம். பாட்டிலில் பார்த்தால் பால் விடாத டீ மாதிரி இருக்கும். அதைத் தெளித்தால், காயும்போது துகள்கள் நெருக்கியடித்து ஒன்றாகி முகம் காட்ட வேண்டும். விளக்குக் கம்பெனிகள் இதே வேலைக்கு ஓர் அறை அளவு இயந்திரம் வைத்திருக்கின்றன. உள்ளே காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டு உலோகத்தை ஆவியாக்கிப் படிய வைக்கின்றன. இயந்திரமும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம், ஒரு பாட்டிலும் ஒரு துப்பாக்கியும் போதும் என்று காட்டிவிட வேண்டும் என்பது வானொலியின் வெறி. ஆனால் போர்வை இல்லாவிட்டால் பாட்டிலுக்குள்ளேயே கட்டி. போர்வை இருந்தாலோ, ஆளுக்கொரு குடை பிடித்த கூட்டம் மாதிரி துகள்கள் தள்ளித் தள்ளி நின்றன. அன்றைக்கு என்னவோ எல்லோரும் குடையை மடக்கிவிட்டார்கள்.

ஏன் மடக்கினார்கள் என்று அவள் அப்போதே யோசித்திருக்க வேண்டும். படித்தவள்தானே! எங்கே யோசித்தாள்? தலைகால் புரியாமல் அல்லவா ஆடினாள். முட்டைக்கு அடுத்தது உருளைக்கிழங்கு. அப்புறம் கரண்டி, சோப்புப் பெட்டி, கதவுக் கைப்பிடி, நாத்தனாரின் சாப்பாட்டு டப்பா மூடி, மௌனசாமியின் இடதுகால் செருப்பு. கையிலிருந்த துப்பாக்கி ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். ஒவ்வொன்றின் மேலும் குனிந்து, "வா கண்ணு, வா, முகத்தைக் காட்டு" என்று கொஞ்சிக் கொஞ்சி, நடுவில் வாஷிங் மெஷின் கதையின் மிச்சத்தையும் சொல்லி முடித்தாள். எல்லாம் பளபளத்தன. மத்தியானத்துக்குள் அந்தப் பின்னறையில் எங்கே திரும்பினாலும் இரண்டு பெண்கள் கோணல்மாணலாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"செருப்புல தலை சீவிக்கிட்ட முதல் ஆள் நான்தான்" என்றாள் நாத்தனார்.

மௌனசாமிக்கும் ஆசை வந்தது. சும்மா சொல்லக்கூடாது, கை நடுங்காத மனிதர். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார வைக்கிறவருக்கு ஒரு தகட்டில் மருந்து தெளிப்பதா கஷ்டம்? லென்ஸ் தேய்க்கும்போது தூசிக்காகக் கட்டிக்கொள்ளும் துணியை மூக்குக்கும் வாய்க்கும் கட்டிக்கொண்டார். மனைவியைவிடச் சீராக, ஒரு சொட்டு வழியாமல் தெளித்தார். தெளித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். தகடு சாம்பல் நிறத்தில் காய்ந்தது. இன்னொன்று தெளித்தார், அதுவும் சாம்பல். மூன்றாவதும் அதே கதை.

"உங்க கைராசி அப்படி" என்று வானொலி அவர் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டாள். "நீங்க தொட்டா வெள்ளிக்கே மூஞ்சி கறுத்துப் போகுது, போங்க!"

அவர் துணியை அவிழ்த்து, அசடு வழியச் சிரித்துவிட்டு, கடைக்குத் திரும்பினார். வீட்டில் அதன்பிறகு கைராசிதான் பேச்சு. நல்ல கைராசி வானொலிக்கு, கெட்ட கைராசி மௌனசாமிக்கு. ரசாயனம் படித்த ஒருத்தியும், நர்ஸ் வேலை பார்க்கும் ஒருத்தியும் சேர்ந்து இதைத்தான் கண்டுபிடித்தார்கள். வேடிக்கைதான்.

ஆனால் அந்தச் சிரிப்புக்கெல்லாம் அடியில் ஒரு முள் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வானொலி ஒரு பெரிய பெயின்ட் ஃபேக்டரியின் ஆய்வுக்கூட வேலையை விட்டுவிட்டுத்தான் இந்தப் பின்னறைக்கு வந்தாள். போன மாதம் அந்த ஃபேக்டரியிலிருந்து திரும்பக் கூப்பிட்டார்கள். பழைய இடமில்லை, புதிய கிளை. ரயிலேறினால் அவ்வளவு சீக்கிரம் இறங்க முடியாத தூரம். போனால் அங்கேயே தங்க வேண்டியதுதான். கடையை விட்டுவிட்டு மௌனசாமி வர முடியாது. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, எப்படியும் அதற்குள் முகம் காட்டிவிடும் என்ற தைரியத்தில் வானொலி கூப்பிட்டிருந்த ஒரு விளக்குக் கம்பெனி அதிகாரி பூச்சைப் பார்க்க வருவதாக இருந்தது.

அவள்தான் வாயைக் கொடுத்தாள். முட்டைக்கு முந்தின வாரம், சாப்பாட்டு மேசையில் கணவரிடம், "அந்த ஆள் தலையாட்டினா நான் இங்கேயே இருப்பேன். இல்லேன்னா ஞாயித்துக்கிழமை ரயில். ரெண்டு வருஷம் விளையாடியாச்சு, போதும். என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள்.

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "சரி" என்றார்.

அவ்வளவுதான். எழுந்துபோய் யாருடைய மூக்குக்கண்ணாடிக்கோ ஸ்க்ரூ முடுக்க உட்கார்ந்துவிட்டார். 'ஏன்' கிடையாது, 'வேண்டாம்' கிடையாது, 'யோசிக்கலாம்' கூடக் கிடையாது. வானொலி தட்டுகளை டங்டங்கென்று அடுக்கினாள். இந்த மனுஷனோடு இத்தனை வருடம் வாழ்ந்ததற்கு ஒரே ஒரு 'சரி'யா? அரைவார்த்தை, 'இரேன்' என்று ஒரு அரைவார்த்தை சொல்லியிருந்தால், ரயிலாவது ஃபேக்டரியாவது, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டிருப்பாள். அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. கேட்காததை மறைக்க, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பேசினாள்.

அதனால்தான் முட்டை பளபளத்ததும் அந்த ஆட்டம். இனி யாரும் எதையும் கேட்க வேண்டாம், சொல்ல வேண்டாம், அதிகாரி தலையாட்டுவார், தான் போக வேண்டியதில்லை என்று அவள் நம்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமைக்கான ஏற்பாடு முழுவதும் நாத்தனார் பொறுப்பு.

"அண்ணி, வர்றது பெரிய கம்பெனி. இந்த அறையைப் பார்த்தா உருளைக்கிழங்குக் கடைன்னு நினைச்சுப்பாங்க. சுத்தமா ஒரு லேப் மாதிரி இருக்க வேண்டாமா?"

"லேபுக்கு நான் எங்கடி போவேன்?"

"அண்ணாவோட கண் டெஸ்ட் பண்ற அறை இருக்கே! ஏசி இருக்கு, கதவு இருக்கு, தூசி கிடையாது."

அது கடையை ஒட்டிய சின்ன அறை. ஒரு பக்கம் ஏறி உட்காரும் உயரமான நாற்காலி, எதிர்ச்சுவரில் விளக்குப் போட்ட எழுத்துப் பலகை. மேலே யானை மாதிரி ஒரு பெரிய 'ஐ', கீழே போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகும் எழுத்துகள். ஓரத்தில் வாடிக்கையாளர்களுக்கு டீ போட ஒரு மின்சாரக் கெட்டில். நாத்தனார் அந்த அறையைத் துடைத்துத் துடைத்துத் தரையில் முகம் தெரிகிற மாதிரி செய்துவிட்டாள். ஏசியை விடியற்காலையிலேயே போட்டுவிட்டாள். எல்லாருக்கும் மாஸ்க், தொப்பி, கையுறை வாங்கி வந்திருந்தாள்.

"அண்ணி, இன்னொண்ணு. கோவிச்சுக்காதே. அவர் இருக்கற வரைக்கும் பேசாதே."

"நானா?"

"நீதான். வாஷிங் மெஷின் கதையெல்லாம் வேண்டாம். மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு, வாயை மூடிக்கிட்டு, டீசன்ட்டா தெளிச்சுக் காட்டு."

வானொலிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விஷயம் பெரியது. சரியென்று மாஸ்க்குக்குள் வாயைப் பூட்டிக்கொண்டாள்.

அதிகாரி நேரத்துக்கு வந்தார். கனத்த உடம்பு, கனத்த பை, எல்லாவற்றையும் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற பார்வை. பையிலிருந்து தன் கம்பெனியின் விளக்குக் கிண்ணங்களை எடுத்து அடுக்கினார். விளக்கின் பல்புக்குப் பின்னால் இருந்து வெளிச்சத்தை முன்னே தள்ளும் குழிவான பிளாஸ்டிக் கிண்ணங்கள். வெறும் கறுப்பாக, பூச்சில்லாமல் இருந்தன. உட்கார வேறு இடமில்லாததால் கண் டெஸ்ட் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

"ஆரம்பிங்கம்மா. இதுல என் முகம் தெரியணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

வானொலி தெளித்தாள். கை தன் வேலையைக் கச்சிதமாகச் செய்தது. சத்தமே இல்லாத அறை. ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. நான்கு பேரும் மாஸ்க்குக்கு மேல் கண்களை உருட்டிக்கொண்டு கிண்ணத்தையே பார்த்தார்கள்.

கிண்ணம் சாம்பலாகக் காய்ந்தது.

முதல் தடவைதானே என்று அடுத்ததை எடுத்தாள். தெளித்தாள், காத்திருந்தாள். அதுவும் அதே சாம்பல், மௌனசாமியின் தகடுகள் மாதிரியே. நாத்தனாரின் கண்கள் விரிந்து போயிருந்தன. மௌனசாமி தன் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார், தன் கைராசி காற்றிலேயே வந்து ஒட்டிக்கொண்டதோ என்று பயந்த மாதிரி.

அதிகாரி கிண்ணத்தை வாங்கி, கண்ணைச் சுருக்கி, தூரமாக வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "முகம் தெரியலையேம்மா." கொஞ்சம் தயங்கிவிட்டு, "எனக்குத்தான் தெரியலையோ?" என்றார்.

அவர் நல்லெண்ணத்தில் கேட்டதுதான். மௌனசாமிக்கு வேறு எதுவும் தோன்றவில்லை போலிருக்கிறது, தொழில்புத்தி. கண் டெஸ்டுக்குப் போடும் அந்தக் கனமான வட்டக் கம்பி ஃபிரேமை எடுத்து அதிகாரியின் மூக்கில் மாட்டிவிட்டார். பெரிய வண்டு மாதிரி ஆகிவிட்ட அதிகாரி கிண்ணத்தை மறுபடி பார்த்தார்.

"இல்லைங்க. இப்பவும் தெரியல."

மூன்றாவது கிண்ணத்தில் அப்போதுதான் தெளித்து முடித்திருந்தாள் வானொலி. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஞாயிற்றுக்கிழமை ரயில் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. போகட்டும், அழுவதை ரயிலில் வைத்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்தாள். மௌனசாமி எதையோ சொல்ல வந்தது மாதிரி ஓரடி முன்னால் வைத்தார். ஃபிரேமில் ஒரு லென்ஸை மட்டும் மாற்றினார்.

அந்த நேரம் பார்த்து அதிகாரி எதிர்ச்சுவரைக் காட்டி, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "அங்க ஏங்க யானைப் படம் மாட்டியிருக்கீங்க? உங்க கடையோட அடையாளமா?"

"சார், அது எழுத்து. ஐ" என்றாள் நாத்தனார்.

"ஓ!" என்று அதிகாரி தலையை ஆட்டினார். "கீழ ரெண்டு குட்டி நிக்குதே?"

வானொலிக்கு உள்ளே எதுவோ அறுந்தது. அழுகைதான் வந்திருக்க வேண்டும், வந்ததோ சிரிப்பு. காலையிலிருந்து பூட்டி வைத்த பேச்சு முழுக்கச் சிரிப்பாகப் பொங்கியது. மாஸ்க்குக்குள் மூச்சு முட்டியது. பிய்த்து எறிந்தாள். மேசையில் குனிந்து, கையிலிருந்த கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "யானைக்குட்டி! ஐயோ, யானைக்குட்டியாமே!" என்று வயிறு வலிக்கச் சிரித்தாள். இனிமேல் என்ன மரியாதை, என்ன டீசன்ட்டு! நாத்தனாரும் சேர்ந்துகொண்டாள். அதிகாரிக்கு எதற்கென்று புரியாமலே சிரிப்பு தொற்றிக்கொண்டு, ஃபிரேம் மூக்கிலிருந்து சறுக்கியது.

சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்தபோது, கிண்ணத்தின் குழியில் வரிசையாகப் பல் தெரிந்தது. தலைகீழாக. அவளுடைய பல்.

"என்னங்க!" என்று வீறிட்டாள். "இங்க பாருங்க! பல்லு! என் பல்லு!"

கிண்ணத்தின் ஓரமெல்லாம் சாம்பல். அவள் வாய்க்கு நேராக மட்டும் பெரிய வட்டமாக வெள்ளி மின்னியது. அவள் மீண்டும் வாயைத் திறந்து "ஹா" என்று ஊதினாள். வட்டத்தின் விளிம்பு கண்ணெதிரே நகர்ந்து பெரிதாயிற்று.

வானொலி தன் நெற்றியில் அறைந்துகொண்ட சத்தம் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

"மூச்சு! மூச்சுல இருக்கற ஈரம்! தண்ணி பட்டா தளர்ந்து போற பாலிமர்னு தேடித்தேடி நான்தானே எடுத்தேன்! ஈரம் பட்டாத்தான் அது நெகிழும், நெகிழ்ந்தாத்தான் வெள்ளி ஒண்ணோட ஒண்ணு ஒட்டும். அந்தப் பின்னறையில நான் ஓயாம பேசிக்கிட்டே குனிஞ்சு பார்த்தேன், அதனால வந்துச்சு. இங்க ஏசியைப் போட்டு இருக்கற ஈரத்தையும் உறிஞ்சு, என் வாய்க்கும் பூட்டுப் போட்டு... உன்னைக் கொல்லணும்டி! கைராசியாம் கைராசி!"

நாத்தனார் ஓடிப்போய் கெட்டிலில் தண்ணீர் நிரப்பி சுவிட்சைத் தட்டினாள். "ஆவி காட்டலாம் அண்ணி! கொதிக்கட்டும்!"

அதிகாரி ஃபிரேமைச் சரி செய்துகொண்டார். "கொஞ்சம் இருங்க. எங்க ஃபேக்டரியில கிண்ணம் மலை மாதிரி வரும். அங்க வந்து ஒவ்வொண்ணையும் பார்த்து நீங்க சிரிச்சுக்கிட்டு நிக்க முடியாது. உங்க வாயில மட்டும் ஏதோ விசேஷம்னா எனக்கு உபயோகமில்ல."

"யார் வாய்னாலும் வரும் சார். நீங்களே பேசிப் பாருங்க!"

புதிதாகத் தெளித்த ஒரு கிண்ணத்தை அவர் கையில் திணித்தாள். அதிகாரி முதலில் கூச்சப்பட்டுக்கொண்டே மாஸ்க்கை இறக்கினார். பிறகு, மௌனசாமி இன்னொரு லென்ஸை மாற்றிவிட்டதில் இப்போது எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரியவே, சின்னப்பிள்ளை மாதிரி உற்சாகமாகப் பலகையை மேலிருந்து கீழே கிண்ணத்துக்குள் படித்தார். "ஐ! ப! ட! ம! ய! ர!" மூன்றாவது வரிசைக்குள் அவருடைய மீசை தலைகீழாக வந்துவிட்டது. நாத்தனாரும் மாஸ்க்கை அவிழ்த்துவிட்டு, தெளித்த இன்னொரு கிண்ணத்தை எடுத்து, லீவு தராத தன் தலைமை நர்ஸை அதற்குள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திட்டினாள். அதுதான் எல்லாவற்றையும்விடப் பிரமாதமாகப் பளபளத்தது.

"பார்த்தீங்களா!" என்றாள் நாத்தனார், பெருமை தாங்காமல். "இதுக்குப் போய் எங்க அண்ணா கை பட்டா சாம்பலாத்தான் போகும்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம்."

வாய் தவறி வந்துவிட்டது. அதிகாரியின் காது நிமிர்ந்தது. "அவருக்கு மட்டும் வராதா?"

"இதுவரைக்கும் வந்ததில்ல" என்று வானொலி ஒப்புக்கொண்டாள்.

"அப்போ அவரே தெளிக்கட்டும், அவரே பேசட்டும். அவருக்கு வந்தா யாருக்கும் வரும். நான் நம்பறேன்."

எல்லோரும் மௌனசாமியைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் வந்தார், துப்பாக்கியை வாங்கினார், ஒரு சொட்டு வழியாமல் தெளித்தார். மாஸ்க்கை அவிழ்த்தார். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்கு நேரே தூக்கினார். வாயைத் திறந்தார்.

ஒன்றும் வரவில்லை.

"பேசுங்க! காஞ்சிடப் போகுது!" என்று வானொலி தவித்தாள். "எதையாவது பேசுங்க, என் ராஜா!"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பலகையைப் பார்க்கத் தேவையில்லை, அவருக்கு அது மனப்பாடம். "ஐ" என்றார். "ப. ட." ஒவ்வொரு எழுத்தாக, கஸ்டமருக்குச் சொல்லிக் கொடுக்கிற மெல்லிய குரலில் சொன்னார். கிண்ணத்தின் குழியில் சின்னதாக ஒரு மினுக்கம் வந்தது. வரிசை வரிசையாக இறங்கி, யாராலும் படிக்க முடியாத கடைசி வரிசையையும் சொல்லி முடித்தார். மினுக்கம் நாணய அளவிலேயே நின்றுவிட்டது. எழுத்து தீர்ந்துபோயிற்று.

"நிறுத்தாதீங்க!" என்றாள் வானொலி. "இன்னும் கொஞ்சம்! மனசுல என்ன இருக்கோ அதைச் சொல்லுங்க!"

கெட்டில் முனக ஆரம்பித்திருந்தது.

"போகாதே" என்றார் மௌனசாமி கிண்ணத்துக்குள்.

வானொலி கிண்ணத்தை மறந்து அவர் தோளருகே வந்தாள்.

"அன்னைக்கு சரின்னு சொன்னேன்ல, அது பொய். நீ படிச்சவ, பெரிய இடத்துல கூப்பிடறாங்க, நான் குறுக்க நிக்கக்கூடாதுன்னு நினைச்சேன். சொல்லிட்டு உள்ள போய் ஸ்க்ரூ முடுக்கினேன். எந்த ஸ்க்ரூவும் உள்ள இறங்கல. நீ பின்னாடி பேசிக்கிட்டு இருக்கறதைக் கேட்டுக்கிட்டுதான் நான் எல்லா வேலையும் செய்யறேன். வாஷிங் மெஷின் கதையை எனக்கு நீ சொல்லல, தங்கச்சிகிட்டதான் சொன்னே, ஆனா எனக்கு முழுசாத் தெரியும். அது வாசல் வரைக்கும் வந்துச்சு. நீ இல்லேன்னா இந்த வீட்டுல எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. இந்தக் கிண்ணம் விளங்கினாலும் சரி, விளங்காட்டியும் சரி. போகாதே. எனக்குப் பேசத் தெரியாது. போகாதே, அவ்வளவுதான்."

அவர் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி யாரும் கேட்டதில்லை. அவரே கேட்டதில்லை. கண்ணைத் திறந்து பார்த்தபோது, கிண்ணம் விளிம்பு வரைக்கும் பளபளவென்று இருந்தது. உள்ளே அவர் முகம் தலைகீழாகத் தெரிந்தது. அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த வானொலியின் முகமும் பக்கத்தில் தலைகீழாகத் தெரிந்தது, கன்னமெல்லாம் ஈரம்.

"வந்துடுச்சு!" என்று அதிகாரி நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினார். "இவருக்கே வந்துடுச்சு! அப்போ கெட்டில் ஆவியே போதும், எந்த ஃபேக்டரியிலயும் பண்ணலாம்! அம்மா, நான் தலையாட்டிட்டேன், ஆர்டர் உங்களுக்குத்தான்! அம்மா? நான் சொல்றது கேக்குதா?"

"சார், கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருங்க" என்றாள் நாத்தனார். "திறக்கச் சொன்னது நாங்கதான், ஆனாலும் மூடுங்க."

கெட்டில் கொதித்து 'டக்'கென்று அணைந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. வானொலி கணவரின் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். சொல்வதற்கு அவளிடம் எவ்வளவோ இருந்தது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டு ஒரு மூச்சு திட்டலாம். ஒவ்வொரு ராத்திரியும் அந்த 'சரி'யை நினைத்து அழுததைச் சொல்லலாம். வாயைத் திறந்தாள். உலகத்தில் முதல் தடவையாக வானொலிக்குப் பேச்சு வரவில்லை.

"சரி" என்றாள்.